செயின்சா ஏன் நிக்க மாட்டேங்குது? ஸ்டாப் சுவிட்ச் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



இன்னிக்கு ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க வீட்டு ஃபேன் சுவிட்ச்சுக்குப் போற ஒயரைக் கத்தரிச்சா என்ன ஆகும்? ஃபேன் நின்னுடும். சரி, பெட்ரோல்ல ஓடுற ஒரு செயின்சாவோட ஸ்டாப் சுவிட்ச்சுக்குப் போற ஒயரைக் கத்தரிச்சா? இஞ்சின் பாட்டுக்கு ஓடும். அதுக்கப்புறம் அந்த சுவிட்ச்சை எத்தனை தடவை தட்டினாலும் நிக்காது.

வீட்டு சுவிட்ச் ஆஃப் ஆகும்போது ஒரு இணைப்பைத் துண்டிக்குது. செயின்சாவின் ஸ்டாப் சுவிட்ச் ஆஃப் ஆகும்போது ஒரு இணைப்பை உண்டாக்குது. இந்த ஒரு வரியை மட்டும் பிடிச்சுக்கோங்க. இன்னிக்கு நாம பார்க்கப்போற எல்லாக் கோளாறும் இதுக்குள்ளதான் இருக்கு.

செயின்சா நமக்கு எதுக்கு?

நியாயமான கேள்விதான். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தது. அடுத்த நாள் காலையில தெருவுக்குத் தெரு மரம் சாஞ்சு கிடந்ததைப் பார்த்தவங்களுக்கு இந்தக் கேள்வி வராது. 2018 நவம்பர்ல கஜா, டெல்டாவில் தென்னந்தோப்புகளையே படுக்க வச்சது. இப்போ சில அபார்ட்மென்ட் அசோசியேஷன்லயும் தன்னார்வக் குழுக்கள்லயும் சொந்தமா ஒரு பெட்ரோல் செயின்சா இருக்கு. வருஷத்துல மூணு நாள் வேலை பார்க்கும். மீதி நாளெல்லாம் ஜெனரேட்டர் ரூம் மூலையில, உப்புக் காத்துல, மரத்தூளும் ஆயிலுமா தூங்கும். புயல் வந்ததும் தூசி தட்டி எடுப்பாங்க. கோளாறு வெளிய வர்ற நேரமும் அதுதான்.

முழு வேகத்துல ஒரு செயின்சாவோட செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும். மணிக்கு 72 கிலோமீட்டர். அறுக்கும்போது ஒரு கிளை இறுக்கிப் பிடிச்சுக்கலாம். கீழே யாராவது திடீர்னு வந்து நிக்கலாம். மரத்தோட சேர்ந்து ஒரு கரண்ட் ஒயரும் கிடக்கிறது கண்ணுல படலாம். அந்த நொடி கட்டைவிரல் தேடிப் போற இடம் ஸ்டாப் சுவிட்ச். அது வேலை செய்யணும்.

பேட்டரி இல்லாம கரண்ட் எங்கிருந்து வருது?

செயின்சாவில் பேட்டரி கிடையாது. கயிறை இழுக்கிறோம், இஞ்சின் சுத்துது, பிளக்ல பொறி வருது. நடுவுல நடக்கிறது இதுதான்: இஞ்சினோட ஒரு பக்கத்துல ஃப்ளைவீல் இருக்கு, மெக்கானிக்குகள் ‘மேக்னெட்’னு சொல்றது. அதன் விளிம்பில் காந்தம் பதிச்சிருக்கும். அதுக்குப் பக்கத்துல, மெல்லிய இடைவெளி விட்டு, இக்னிஷன் காயில் திருகப்பட்டிருக்கும். பல மாடல்களில் அந்த இடைவெளி சுமார் 0.3 மில்லிமீட்டர், ஒரு விசிட்டிங் கார்டு கனம். காந்தம் ஒவ்வொரு தடவை காயிலைத் தாண்டும்போதும் உள்ளே இருக்கிற முதல் சுற்றில், அதாவது பிரைமரியில், மின்சாரம் உண்டாகும். அந்த ஓட்டத்தைச் சரியான கணத்துல நிறுத்தினா, இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் பாயும். அதுதான் பொறி.

இது பழைய டெக்னாலஜி. ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தில் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் 1902-ல உருவாக்கின உயர் மின்னழுத்த மேக்னெட்டோவோட பேரப்பிள்ளைன்னு சொல்லலாம். அப்போ ‘பாயிண்ட்’ செஞ்ச வேலையை இப்போ காயிலுக்குள்ள இருக்கிற எலெக்ட்ரானிக்ஸ் செய்யுது, அவ்வளவுதான்.

டூ-ஸ்ட்ரோக் இஞ்சின்ல ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நிமிஷத்துக்கு 13,000 சுற்று ஓடினா, நொடிக்கு 216 பொறி. இதை எப்படி நிறுத்துறது? பேட்டரி இருந்தா அதைத் துண்டிக்கலாம். இங்கே இஞ்சின் சுத்துற வரைக்கும் காந்தமும் சுத்தும், மின்சாரமும் வந்துக்கிட்டே இருக்கும். அதனால செஞ்ச ஏற்பாடு எளிமையானது. பிரைமரியிலேர்ந்து ஒரு மெல்லிய ஒயரை சுவிட்ச்சுக்குக் கொண்டு வந்து, ஸ்டாப் போடும்போது அதை இஞ்சின் பாடியோட சேர்த்துடறாங்க. பாடி எர்த். மின்சாரம் சுலபமான வழியில பாடிக்குப் போயிடும். பொறி வராது, இஞ்சின் நின்னுடும்.

ஆக, பாதை இது: காயில், ஒயர், சுவிட்ச், இன்னொரு ஒயர், இஞ்சின் பாடி. ‘இன்னொரு ஒயர்’ எதுக்குன்னா, கைப்பிடிப் பகுதி பெரும்பாலும் பிளாஸ்டிக். அதுவும் அதிர்வு கைக்கு வராம இருக்க ரப்பர் மேலயோ ஸ்பிரிங் மேலயோ உட்கார்ந்திருக்கும். சுவிட்ச் இருக்கிற பக்கத்துக்கும் இஞ்சினுக்கும் நேரடி உலோகத் தொடர்பு இருக்கணும்னு அவசியமில்ல. அதனால எர்த்துக்கும் தனியா ஒரு வழி கொடுத்திருப்பாங்க. பலர் காயில் பக்கத்து ஒயரை மட்டும் பார்த்துட்டு, இந்த எர்த் ஒயரை விட்டுடுவாங்க.

முதல்ல: இப்போ ஓடிக்கிட்டிருக்கு, நிக்கல. என்ன பண்றது?

பதறாதீங்க. ஆக்சிலரேட்டரை விட்டு ஐடிலுக்குக் கொண்டு வாங்க. முன்கைப்பிடிக்கு மேலே இருக்கிற கை காப்பை முன்னால தள்ளி செயின் பிரேக் போடுங்க. அப்புறம் செயின் எதையும் தொடாதபடி மெஷினைத் தரையில வச்சு, முன்கைப்பிடியை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு சோக்கை முழுசா மூடுங்க. காத்து குறைஞ்சு பெட்ரோல் அதிகமாகி இஞ்சின் மூச்சுத் திணறி நிக்கும். சில மாடல்களில் சோக்கும் ஸ்டாப்பும் ஒரே லீவர். அதுல லீவரைச் சோக் பக்கம் கொண்டுபோக டிரிக்கரையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். அதனாலதான் செயின் பிரேக் முதல்ல, சோக் அப்புறம். இந்த வரிசையை மாத்தாதீங்க.

ஓடுற இஞ்சினோட பிளக் கேப்பைக் கையால பிடுங்காதீங்க, ஷாக் அடிக்கும். காத்து உள்ளே போற இடத்தைக் கையால பொத்தாதீங்க. செயினை மரத்துல குத்தி நிறுத்தப் பார்க்காதீங்க. பெட்ரோல் தீர்ற வரைக்கும் காத்திருக்கலாமேன்னு கேட்டா, தீர்ற கடைசி நேரத்துல கலவை மெலிஞ்சு இஞ்சின் வேகம் தானா ஏறும். அது உங்களுக்கும் நல்லதில்ல, இஞ்சினுக்கும் நல்லதில்ல.

சோக்கால நிறுத்துறது அந்த ஒரு தடவைக்கு மட்டும். அன்னிக்கு அந்த மெஷினுக்கு அதோட வேலை முடிஞ்சது.

மல்டிமீட்டர் சோதனை: பத்து நிமிஷ வேலை

இஞ்சின் ஆறட்டும். பிளக் கேப்பைக் கழட்டி ஓரமா வைங்க. செயின் பிரேக் போடுங்க, கையுறை மாட்டுங்க. ஸ்டார்ட்டர் கயிறு இருக்கிற பக்கத்து மூடியை மூணு நாலு ஸ்க்ரூ கழட்டித் திறந்தா ஃப்ளைவீலும் காயிலும் தெரியும். காயிலிலிருந்து ரெண்டு ஒயர் வரும். தடியா, ரப்பர் மாதிரி இருக்கிறது பிளக்குக்குப் போறது. மெல்லிசா இருக்கிறதுதான் நமக்கு வேண்டியது. அது காயில்ல சின்னத் தகடு டெர்மினல்ல சொருகியிருக்கும். சில மாடல்ல காயிலோடயே சேர்த்து வார்த்து, கொஞ்ச தூரத்துல ஒரு கனெக்டர் வச்சிருப்பாங்க. அந்த இடத்துல கழட்டுங்க.

கழட்டாம மீட்டர் வச்சா என்ன? காயிலோட பிரைமரி வழியாவும் மீட்டர் இணைப்பு காட்டலாம். அப்புறம் பீப் சுவிட்ச்சால வந்ததா, காயிலால வந்ததான்னு தெரியாது.

மல்டிமீட்டரை கன்டின்யூட்டி பீப்ல வைங்க. ஒரு முனை, கழட்டின ஒயரோட நுனியில. இன்னொரு முனை, இஞ்சின் பாடியில பெயின்ட் இல்லாத ஒரு உலோக இடத்துல. இப்போ சுவிட்ச்சை ஸ்டாப்லயும் ரன்லயும் மாத்தி மாத்தி வைங்க. நாலு பதில்தான் வர முடியும்.

ஒண்ணு: ஸ்டாப்ல பீப், ரன்ல அமைதி. சுவிட்ச் பாதை நல்லா இருக்கு.

ரெண்டு: ரெண்டுலயும் அமைதி. பாதை எங்கயோ அறுந்திருக்கு. இந்த மெஷின் ஓடும், ஆனா நிக்காது.

மூணு: ரெண்டுலயும் பீப். ஒயர் எங்கயோ உரசி பாடியைத் தொடுது, இல்லேன்னா சுவிட்ச் ஸ்டாப் நிலையிலேயே ஒட்டிக்கிச்சு. இந்த மெஷின்ல பொறி வராது, ஸ்டார்ட்டே ஆகாது.

நாலு: பீப் விட்டு விட்டு வருது. லூஸ் கனெக்‌ஷன். இருக்கிறதுலயே மோசமானது இதுதான், ஏன்னா நல்லா இருக்கிற மாதிரி நடிக்கும்.

புது மாடல்கள் சிலதுல ஸ்டாப் பட்டன் அழுத்தி விட்டதும் தானா ரன் நிலைக்குத் திரும்பிடும். அதுல அழுத்திப் பிடிச்சிருக்கும்போது மட்டும் பீப் வரணும்.

நிக்காத மெஷின்: எங்கே தேடுறது?

ரெண்டுலயும் அமைதின்னு வந்தா, பாதையைப் பாதி பாதியாப் பிரிங்க. முதல்ல சுவிட்ச்சோட எர்த் முனைக்கும் இஞ்சின் பாடிக்கும் நடுவுல மீட்டர் வைங்க. இங்கே எப்பவும் பீப் வரணும். வரலைன்னா எர்த் ஒயர் அறுந்திருக்கு, அல்லது அதைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ தளர்ந்திருக்கு, துரு ஏறியிருக்கு. அடுத்து, காயில் பக்கத்து ஒயரோட ரெண்டு நுனியும். ஒயர் வெளியே முழுசாத் தெரிஞ்சாலும் உறைக்குள்ள செம்பு அறுந்திருக்கலாம். கைப்பிடிப் பகுதிக்கும் இஞ்சினுக்கும் நடுவுல வளைஞ்சு போற இடம்தான் வழக்கமான சந்தேக இடம். அதிர்ற ஒவ்வொரு தடவையும் அங்கேதான் ஒயர் மடங்குது.

ரெண்டு ஒயரும் சரின்னா, மிச்சம் சுவிட்ச். பல மாடல்களில் சுவிட்ச்னு தனிப் பெட்டியே இருக்காது. லீவர் நகரும்போது ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு இன்னொரு தகட்டைத் தொடும், அவ்வளவுதான். மரத்தூளும் ஆயிலும் கலந்த பசை அங்கே படிஞ்சா தொடாது. தகடு வளைஞ்சாலும் தொடாது. கான்டாக்ட் கிளீனர் அடிச்சுத் துடைங்க. பச்சையாப் பூத்திருந்தா மெல்லிய எமரி பேப்பரால லேசாத் தேய்ங்க.

ஸ்டார்ட் ஆகாத மெஷின்: கழட்டிப் பார், ஆனா ஓட்டாதே

கயிறை எவ்வளவு இழுத்தாலும் உயிர் வரல, பெட்ரோல் இருக்கு, பிளக் புதுசு. சுவிட்ச் பக்கக் கோளாறா, காயில் கோளாறா? அந்த மெல்லிய ஒயரைக் காயில்ல கழட்டிட்டு பொறி வருதான்னு மட்டும் பாருங்க.

இதுக்கு ஸ்பார்க் டெஸ்டர்னு ஒரு சின்ன கருவி கிடைக்குது, அது பாதுகாப்பு. அது இல்லேன்னா, பிளக்கைக் கழட்டி கேப்ல மாட்டி, பிளக்கோட உலோக உடம்பை இஞ்சின் பாடியில ஒரு கிளிப் ஒயரால நல்லா இணைங்க. பிளக் துவாரத்திலிருந்து தள்ளி வைங்க, அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். சிந்தின பெட்ரோல் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. எர்த் கொடுக்காம சும்மா தொங்க விட்டு இழுக்காதீங்க. பொறிக்கு வழி இல்லேன்னா காயிலோட இன்சுலேஷன் கெட்டுப்போக வாய்ப்பிருக்கு.

ஒயர் கழட்டினதும் நீலப் பொறி வருதா? அப்போ காயில் நல்லாத்தான் இருக்கு. ஒயரோ சுவிட்ச்சோ பாடியைத் தொட்டுக்கிட்டிருக்கு. சைலன்சர் பக்கம் உருகின இடம், மூடிக்கு அடியில நசுங்கின இடம், ஸ்க்ரூ முனை உரசுற இடம், இதையெல்லாம் தேடுங்க. கழட்டியும் பொறி வரலையா? பிளக்கை மாத்திப் பாருங்க. பல செயின்சாக்களில் பிளக் இடைவெளி 0.5 மில்லிமீட்டர். பிளக் கேப்புக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் பிளக்கைத் தொடுதா பாருங்க. காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியையும், துருவையும் பாருங்க. எல்லாம் சரின்னா கடைசியாத்தான் காயில். விலை அதிகமான பாகத்தை முதல்ல மாத்துற பழக்கம் வேண்டாம்.

விட்டு விட்டு நிக்கிற மெஷின்

இது பொறுமை கேக்குற வேலை. எப்படி நிக்குதுன்னு கவனிங்க. சுவிட்ச் போட்ட மாதிரி பட்டுன்னு நின்னா மின்சாரப் பக்கம் சந்தேகப்படலாம். திணறி, இழுத்து, மெதுவா அடங்கினா பெட்ரோல் பக்கம். நூத்துக்கு நூறு சரின்னு சொல்ல முடியாது, ஆனா தேடலை எங்கே தொடங்கணும்னு காட்டும்.

பட்டுன்னு நிக்கிற மெஷின்ல, மீட்டரை முன்னே சொன்ன மாதிரி மாட்டி, சுவிட்ச்சை ரன்ல வச்சு, ஒயரை முழு நீளத்துக்கும் ஆட்டிப் பாருங்க. கைப்பிடியை இஞ்சினுக்கு எதிரா அழுத்தி அசைங்க. எந்த இடத்துல பீப் வருதோ, உரசல் அங்கே. அப்படியும் ஒண்ணும் அகப்படல, இருபது நிமிஷம் ஓடினப்புறம்தான் நிக்குது, ஆறினா மறுபடி ஓடுதுன்னா, சூட்டுல காயில் கைவிடுதான்னு பார்க்கணும். நின்ன உடனே, சூடு ஆறுறதுக்குள்ள பொறி சோதனை செஞ்சாத்தான் தெரியும். ஆறினதும் எல்லாக் காயிலும் நல்ல பிள்ளைதான்.

மின்சாரக் கோளாறு மாதிரி தெரிஞ்சும் அது இல்லாத ஒரு கேஸும் உண்டு. சுவிட்ச் சரி, ஒயர் சரி, ஆனா ஸ்டாப் போட்டதுக்கு அப்புறமும் சில நொடி தடதடன்னு ஓடி நிக்குது. சிலிண்டருக்குள்ள படிஞ்ச கரி சிவக்கக் காஞ்சு, பொறி இல்லாமலே பெட்ரோலைப் பத்த வைக்குது. ரொம்பச் சூடான, கலவை மெலிஞ்ச இஞ்சின்ல இது நடக்கும். அங்கே ஒயரைத் தேடாதீங்க. கார்புரேட்டரையும் கூலிங் ஃபின்களையும் பாருங்க.

‘ஒயரைக் கழட்டி விட்டுட்டா ஓடுமே!’

இன்னிக்கு நான் முக்கியமா சொல்ல வந்தது இதுதான். மூணாவது பதில் வந்த மெஷினை, அதாவது ஸ்டார்ட் ஆகாத மெஷினை, ஒரே நிமிஷத்துல ஓட வைக்கலாம். அந்த மெல்லிய ஒயரைக் கழட்டி, நுனியில டேப் சுத்தி, மூடியை மூடிட்டா போதும். மழையில நிக்கிறோம், ரோடு அடைஞ்சு கிடக்கு, ஆம்புலன்ஸ் போகணும். அந்த அவசரத்துல இது ரொம்பப் புத்திசாலித்தனமாத் தெரியும். சோக் இழுத்து நிறுத்திக்கலாம்னு தோணும்.

ஆனா அந்த மெஷின் ஒருத்தர் கையில மட்டும் இருக்கப் போறதில்ல. அசோசியேஷன் மெஷின், குழுவோட மெஷின், வாடகை மெஷின், எல்லாமே கை மாறும். அடுத்து எடுக்கிறவருக்கு உள்ளே ஒயர் கழண்டிருக்கிறது தெரியாது. சுவிட்ச் அதே இடத்துல, அதே நிறத்துல இருக்கும். அவர் ஒரு நாள் கிளைக்கு நடுவுல நின்னுக்கிட்டு அதை அழுத்துவார். நீங்க மிச்சம் பிடிச்ச நேரத்துக்கு விலை கொடுக்கிறது அவர்.

அதனால சரி பண்றதுன்னா முழுசாப் பண்ணுங்க. பல இழை கொண்ட, சூடும் ஆயிலும் தாங்கும் உறை போட்ட ஒயர் வாங்குங்க. டெர்மினலை கிரிம்ப் பண்ணி, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்குங்க. வெறும் இன்சுலேஷன் டேப் ஆயில்ல ஊறி நாளடைவில் கழண்டுடும். ஒயர் முன்னாடி எந்தக் கிளிப்பு வழியா, எந்தக் காடி வழியா போச்சோ அதே வழியில கொண்டு போங்க. கைப்பிடி அசையுற இடத்துல கொஞ்சம் தளர்வு விடுங்க. முடிச்சதும் மறுபடி மீட்டர். அப்புறம் செயின் பிரேக் போட்டு ஸ்டார்ட் பண்ணி, ஐடில்ல ஸ்டாப். அஞ்சு தடவை. அஞ்சு தடவையும் உடனே நிக்கணும். சரி பண்ண நேரம் இல்லையா? பாரைக் கழட்டி வச்சு, ‘ஸ்டாப் சுவிட்ச் வேலை செய்யாது’ன்னு ஒரு சீட்டு எழுதிக் கட்டுங்க.

இந்தச் சிக்கல் செயின்சாவுக்கு மட்டும் உரியதில்ல. சின்ன பிஸ்டன் இஞ்சின் விமானங்கள்லயும் இதே மேக்னெட்டோ, இதே எர்த் ஒயர். ஒயர் அறுந்தா சாவி ஆஃப்ல இருந்தாலும், யாராவது புரொப்பெல்லரைக் கையால சுத்தினா இஞ்சின் பத்திக்கலாம். அதனால விமானிகள் இஞ்சினை நிறுத்துறதுக்கு முன்னாடி ஐடில்ல சுவிட்ச்சை ஒரு நொடி ஆஃப் பண்ணி, இஞ்சின் அடங்குதான்னு பார்க்கிற வழக்கம் வச்சிருக்காங்க. காரணம் ஒண்ணுதான். அறுந்த எர்த் ஒயர் எந்தச் சத்தமும் போடாது. இஞ்சின் நல்லா ஸ்டார்ட் ஆகும், நல்லா ஓடும். நிறுத்தப் போகும்போதுதான் தெரியும்.

நமக்கும் அதே பழக்கம் போதும். மரத்துக்கிட்ட போறதுக்கு முன்னாடி, செயின் பிரேக் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, ஸ்டாப் போடுங்க, நிக்குதா பாருங்க. நின்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணி வேலைக்குப் போங்க. ஒரு கயிறு இழுப்பு கூடுதல், அவ்வளவுதான்.

உங்க அபார்ட்மென்ட் ஸ்டோர் ரூம்ல ஒரு செயின்சா இருந்தா, வடகிழக்குப் பருவமழை வர்றதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை இந்தச் சோதனையைப் பண்ணிடுங்க. நாலு பதில்ல எது வந்ததுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.